முழங்கால் உயரம்

மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல்கடை. கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, தைக்கக் காத்திருக்கும் துணி மூட்டை, நடுவில் தையல்காரி, அவ்வளவுதான் இடம். வாடிக்கையாளர்கள் வெளியே நின்றுதான் சண்டை போட வேண்டும். அன்று காலையும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்.

“போன வாரமே தர்றேன்னீங்க. ஒரே பேண்ட்டைத் தினமும் போட்டுக்கிட்டுப் போறேன். பசங்க சிரிக்கிறாங்கம்மா.”

“நான் என்ன சார் செய்ய? நாற்காலி கால் உடைஞ்சு போச்சு. வேலையே ஓடல. நேத்துதான் வீட்டுல இருந்த ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து போட்டிருக்கேன். இதுவும் ஆடுது பாருங்க.”

“ஸ்டூல் ஆடுற ஆட்டத்துல என் பேண்ட் கால் வளைஞ்சு போயிடாதே?”

“வளைஞ்சா அதுதான் புது ஃபேஷன்னு சொல்லிக்கோங்க.”

வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் கைபேசி அடித்தது. அவள் தம்பி.

“அக்கா, பதறாம கேளு. மாமா கீழ விழுந்துட்டார். ஒண்ணும் பயப்படாத, பேசுறார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். நீ உடனே வா.”

“எங்க விழுந்தார்? சைட்லயா?”

“சைட்ல இல்லக்கா, வீட்டுல. காலையில தலைவலின்னார். நான்தான் வண்டியில கொண்டு போய் வீட்டுல விட்டேன். சும்மா படுக்காம பல்பு மாத்துறேன்னு ஸ்டூல்ல ஏறி வழுக்கிட்டார். நல்லவேளை, நான் இன்னும் கிளம்பல.”

அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அது கவிழ்ந்து விழுந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூடத் தோன்றவில்லை. கடையைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாத்தியாரிடமே சொல்லிவிட்டு ஓடினாள்.

புருஷன் சாரம் கட்டுகிறவன். கட்டடம் எழும்ப எழும்ப அதைச் சுற்றிக் கம்பும் பலகையுமாக ஏணிபோல் கட்டிக்கொண்டே மேலே போகிற வேலை. ஆள் நல்ல உயரம். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவன் ‘நெட்டை’. வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, பிறகு நிலையிடமே மன்னிப்புக் கேட்கிற சுபாவம். முன்பு வேறொரு ஆளிடம் வேலை செய்துகொண்டிருந்தான். தம்பிக்குப் படிப்பு முடிந்து, பெரிய கட்டடம் ஒன்றில் சூப்பர்வைசர் வேலை கிடைத்ததும் அவன்தான் வந்து கேட்டான். “அக்கா, மாமாவ என் சைட்டுக்கே அனுப்பு. கண்டவங்ககிட்ட ஏன் கஷ்டப்படணும்? நான் பார்த்துக்கிறேன்.”

அது அவனுடைய பேச்சு வழக்கு. எதற்கெடுத்தாலும் ‘நான் பார்த்துக்கிறேன்.’ அப்பா அம்மா இல்லாமல் போன பிறகு அக்கா மெஷினை மிதித்துப் படிக்க வைத்த பையன், தலையெடுத்து இப்படிச் சொல்லும்போது அவளுக்குக் குளிர்ந்துவிடும். அனுப்பி வைத்தாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் புருஷனைத் தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. தள்ளுகட்டிலின் விளிம்பைத் தாண்டிக் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நெற்றியில் கட்டு. கழுத்தில் ஒரு பட்டை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வந்துட்டியா? எனக்கு என்னாச்சு? எப்படி விழுந்தேன்?”

“வீட்டுலதான் மாமா. பல்பு மாத்துறேன்னு ஸ்டூல்ல ஏறுனீங்க” என்றான் தம்பி.

“அப்படியா?” என்று கேட்டுக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “எனக்கு என்னாச்சு? எப்படி விழுந்தேன்?”

அடிபட்ட தலை அந்தக் காலைப் பொழுதையே துடைத்து எறிந்திருந்தது. மச்சினன் சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டிக்கொண்டான்.

டூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். தூக்கம் கெட்ட கண். ஆனால் கேள்வி ஒவ்வொன்றும் ஊசி மாதிரி இறங்கியது. “எப்படி அடிபட்டுச்சு? எங்க இருந்து விழுந்தார்? யார் பார்த்தது?”

அவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காதோரம் குனிந்தான். “நீயே சொல்லுக்கா. சம்சாரம் சொன்னாத்தான் நம்புவாங்க.”

அவளே சொன்னாள். வீடு, பல்பு, ஸ்டூல். கேட்டதைக் கேட்டபடி, நேரில் பார்த்ததுபோல் சொன்னாள்.

“எவ்வளவு உயரம் இருக்கும்?”

அவள் குனிந்து கையை முழங்கால் பக்கம் வைத்துக் காட்டினாள். “இவ்வளவுதான் டாக்டர். முழங்கால் உயரம்.”

டாக்டரின் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. மார்பைத் தட்டிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “வலிக்குதா?” என்று கேட்டதற்கு நெட்டை, “தலைதான் டாக்டர், தலைதான்” என்றான். “சரி, வாந்தி எடுத்திருக்கார், மறதி இருக்கு. தலைக்கும் கழுத்துக்கும் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துடலாம்.”

ஸ்கேன் அறையில் பெரிய வளையம்போல ஒரு மெஷின் நின்றது. கட்டில் தானாக நகர்ந்து போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையும் கழுத்தும் வளையத்துக்குள் போயின. மார்பும் வயிறும் அந்த நீளக் கால்களும் வெளியே கிடந்தன. வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு அதைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. பிறகு யோசித்தாள். இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

“தலையில ரத்தக்கசிவு இல்ல. கழுத்தும் நல்லா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் கண்காணிப்புல வச்சுட்டு அனுப்பிடலாம்” என்றார் டாக்டர். கழுத்துப் பட்டையைக் கழற்றினார்கள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

“பார்த்தியாக்கா? ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க!” தம்பி அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டான். நெட்டை ஒன்றுக்குப் போக வேண்டும் என்றதும் தோள் கொடுத்துத் தூக்கி, கழிப்பறை வரை நடத்தியே கூட்டிக்கொண்டு போனான். “பாரு, எங்க மாமா ராஜா மாதிரி நடக்கிறார்!” நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு தம்பி வராந்தாவில் ஒதுங்கி நின்று யாருக்கோ போன் செய்தான். “சார், ஸ்கேன் கிளியர். ஆமா சார், ஒரு பிரச்சினையும் இல்ல” என்பது மட்டும் அவள் காதில் விழுந்தது. பாவம், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறான், லீவு கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கண்காணிப்பு அறையில் கட்டிலும் கட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவள் கட்டில் ஓரத்தில் நின்றபடியே புருஷனின் காலைப் பிடித்துவிட்டாள். அவனுக்குத் தாகம் எடுத்தது. இடது தோள்பட்டை குடைகிறது என்றான்.

“காலமெல்லாம் கம்பு தூக்கின தோள். வலிக்காம இருக்குமா மாமா?” என்று தேற்றிவிட்டுத் தம்பி வெளியே போனான்.

இரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸம்மாவுக்கு வழி விடக்கூட இடமில்லை. நர்ஸம்மா அலுத்துக்கொண்டார். “ஏம்மா இப்படி வழியில நிக்கிறீங்க? அந்த மூலையில ஸ்டூல் கிடக்கும் பாருங்க. எடுத்துப் போட்டு உட்காருங்க.”

மூலைக்குப் போனாள். இரும்பு ஸ்டூல் ஒன்று கிடந்தது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

ஸ்டூல்.

அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். அது வீட்டில் இல்லை. நேற்றே கடைக்கு வந்துவிட்டது. காலையில் தம்பி போன் செய்தபோது அவள் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தள்ளிவிட்டு வந்த அந்த ஸ்டூல் இன்னமும் கடையில் கவிழ்ந்து கிடக்கும்.

அது மட்டுமா? அவர்கள் குடியிருக்கும் அறையின் பல்பை மாற்ற இந்த மனுஷனுக்கு ஸ்டூல் எதற்கு? கையைத் தூக்கினால் கூரை. பல்பு மாற்றும்போதெல்லாம், “கடவுள் உங்கள ஏணியாவே படைச்சுட்டார்” என்று கேலி செய்கிறவளே அவள்தானே!

கட்டிலுக்கு அடியில் அவன் துணிகளைப் பையில் கட்டி வைத்திருந்தார்கள். அவசரத்தில் கத்தரித்துக் கழற்றிய சட்டை. பையைப் பிரித்து உதறினாள். சட்டைப் பையிலிருந்து ஈர மணல் பொலபொலவென்று தரையில் கொட்டியது. வீட்டில் ஏது மணல்?

வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தம்பி நின்றிருந்தான். அவள் போன வேகத்தைப் பார்த்ததுமே அவன் முகம் வெளுத்தது.

“எந்த ஸ்டூல்டா?”

“என்னக்கா?”

“நம்ம வீட்டு ஸ்டூல் என் கடையில இருக்கு. எந்த ஸ்டூல்ல இருந்துடா விழுந்தார்?”

அவன் தண்ணீர்க் குழாயைத் திறந்தான், மூடினான். பூசி மெழுக ஏதாவது அகப்படுமா என்று தேடினான். அகப்படவில்லை.

“சாரத்துல இருந்து.”

“எவ்வளவு உயரம்?”

“மூணாவது மாடி” என்றான், தரையைப் பார்த்து. “கீழ மணல் குவிச்சிருந்துதுக்கா. அது மேலதான் விழுந்தார். உடனே எழுந்து உட்கார்ந்தார், பேசுனார். அதனாலதான் நான்…”

“இடுப்புல பெல்ட் கட்டலயா?”

பெல்ட்டுகள் இருந்தன. ஒன்றுக்கு இரண்டாக இருந்தன. கவர் பிரிக்காமல், புத்தம் புதிதாக, சாமான் அறையில் பூட்டிக் கிடந்தன. அதிகாரி யாராவது பார்வையிட வந்தால் வெளியே வரும், அவர் போனதும் உள்ளே போய்விடும். பெல்ட் கட்டினால் வேலை மெதுவாக ஓடுகிறதாம். அந்த அறையின் சாவி சூப்பர்வைசர் இடுப்பில் இருந்தது. அதாவது, இவன் இடுப்பில்.

“காண்ட்ராக்டர் சொன்னார்க்கா. சைட்ல விழுந்ததுன்னு போனா கட்டடத்துக்கே சீல் வச்சுடுவாங்களாம். போலீஸ் கேஸ்னா ஆஸ்பத்திரியில கையே வைக்க மாட்டாங்க, போலீஸ் வந்து எழுதினாத்தான் வைத்தியம்னார். நான் மாமாவுக்கு நல்லதுதான் நினைச்சேன்.”

“மாமாவுக்கா, உனக்கா?”

அவன் திருதிருவென்று முழித்தான். அடுத்த கட்டடத்துக்கு அவனையே மேலாளராகப் போடுவதாகக் காண்ட்ராக்டர் ஆசை காட்டியிருந்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவன் முழித்த முழியிலேயே பாதி தெரிந்துவிட்டது.

“என் வாயால சொல்ல வச்சியேடா. நீ சொல்லிட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறும். சம்சாரம் சொன்னாத்தான் நம்புவாங்கன்னு என்னைய முன்னால தள்ளி விட்டு, என் கையாலயே முழங்கால் உயரம்னு அளந்து காட்ட வச்சியே.”

“இப்ப என்ன கெட்டுப் போச்சு? ஸ்கேன்தான் பார்த்தாச்சே! எங்க இருந்து விழுந்தா என்ன? நாம பொய் சொல்லலாம், மெஷினை ஏமாத்த முடியுமா? அதுலயே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இனிமே போய் உண்மையைச் சொன்னா மாமாவுக்கு ஒரு லாபமும் இல்லக்கா. என் வாழ்க்கைதான் நாசமாப் போகும். உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க.” அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “உன்னை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?”

அவள் தடுமாறினாள். அதை மறைத்துப் பயனில்லை. பிடித்திருந்தது தம்பியின் கை. எழுத்துப் பழக்கியதும் காய்ச்சலில் தொட்டுப் பார்த்ததும் இதே கையைத்தான். அவன் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருப்பதுபோல் பட்டது. அவ்வளவு பெரிய மெஷின், அதற்கு மாடி தெரியாதா, ஸ்டூல் தெரியாதா? அதுவே சரி என்றுவிட்ட பிறகு நாம் எதற்கு ஒரு பையனின் பிழைப்பைக் கெடுப்பது? இப்படி நினைத்துக்கொண்டே கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

புருஷனின் உதட்டில் நிறமே இல்லை. சிமெண்ட் பூசியதுபோல் வெளிறிக் கிடந்தான். நெற்றி முழுக்க வேர்வை. கண்ணை மூடி மூடித் திறந்தான்.

தம்பியின் கையை உதறிவிட்டு ஓடினாள்.

“டாக்டர்! ஸ்டூல் இல்ல டாக்டர்! நான் சொன்னது பொய். எனக்கே தெரியாது. அவர் மூணாவது மாடிச் சாரத்துல இருந்து விழுந்திருக்கார்!”

வேறொரு நோயாளிக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைப் போட்ட சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அடுத்து நடந்ததெல்லாம் ஒரே களேபரம். நாடி பார்த்தார்கள். இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. காலையில் மெத்தென்று இருந்த வயிறு இப்போது விறைத்துக்கொண்டிருந்தது. வயிற்றின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்துத் திரையைப் பார்த்த டாக்டர், “உள்ள ரத்தம் கட்டுது. ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்க. ரத்தம் ஏத்துங்க. கொஞ்சம் தேறினதும் ஸ்கேனுக்கு, இந்தத் தடவை தலையில இருந்து இடுப்புக்குக் கீழ வரைக்கும்!” என்று கத்தினார். நெட்டையை இப்போது யாரும் உட்கார வைக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பலகையைப் புரட்டுவதுபோல, உடம்பு வளையாமல் புரட்டித் தூக்கினார்கள்.

அதே ஸ்கேன் அறை. அதே வளையம். இந்த முறை மருந்து ஏற்றி, நெட்டை உடம்பு முழுவதும் அந்த வளையத்தைக் கடந்து போவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பார்த்தாள். பின்னால் தம்பி நிற்பது தெரிந்தது. திரும்பவில்லை.

டாக்டர் வெளியே வந்து சொன்னார். வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. இடது பக்க விலா எலும்புகள் உடைந்திருக்கின்றன. முதுகெலும்பில் ஒரு கீறல்.

“நல்லவேளை, இவரை யாரும் நடக்க வைக்கல. கொஞ்சம் இசகுபிசகா அசைஞ்சிருந்தா ரெண்டு காலும் போயிருக்கும்.”

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டான். ராஜா மாதிரி நடக்கிறார் என்று கொண்டாடிக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தானே.

“மேடம், முதல்ல எடுத்த ஸ்கேன்லயே இதெல்லாம்… மெஷின் ஏன் காட்டல?” அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

டாக்டருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. “தம்பி, மெஷின் என்ன சாமியா, தானாக் கண்டுபிடிக்க? நாங்க காட்டுற இடத்தத்தான் அது பார்க்கும். எந்த இடத்தைக் காட்டணும்னு எங்களுக்குச் சொல்றது நீங்க. மாடியில இருந்து விழுந்தார்னு சொல்லியிருந்தா வாசல்லயே முழு உடம்புக்கும் எடுத்திருப்போம். முழங்கால் உயரம்னு சொன்னீங்க. முழங்கால் உயரத்துக்கு என்ன வைத்தியமோ அதைத்தான் நாங்களும் செஞ்சோம்.”

“போலீஸ் வந்தாத்தான் தொடுவீங்கன்னு சொன்னாங்க…”

“யார் சொன்னா? உயிரைக் காப்பாத்துறதுதான் முதல் வேலை. எழுத்து வேலையெல்லாம் அப்புறம்.” தியேட்டர் கதவு அவர் பின்னால் மூடிக்கொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது. கிழிந்த மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. முதுகெலும்பு கூடக் காலப்போக்கில் கூடிவிடும் என்றார்கள். ஆனால் சாரம் ஏறுகிற வேலை இனிக் கிடையாது. நெட்டை இனிமேல் தரையில்தான்.

தையல்காரி இரவு பகல் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். தம்பி ஒவ்வொரு நாளும் வந்தான். வார்டு வாசலில் நின்றான். அவள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஒரே ஒரு நாள் மட்டும் அவள் கடைக்குப் போய்வந்தாள். திரும்பும்போது கையில் அந்த ஸ்டூல் இருந்தது. எதற்கம்மா இது என்று காவலாளி கேட்டதற்கு, “சாட்சி” என்றாள். அவர் குழம்பிப்போய் விட்டுவிட்டார்.

டாக்டர் தகவல் கொடுத்திருந்ததால் தொழிலாளர் துறை அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். டாக்டரும் கூட வந்து நின்றார். எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, காண்ட்ராக்டரும் பழக்கூடையோடு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, வழிகிற சிரிப்பு.

“நம்ம நெட்டை எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி சார். அன்னிக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டார். வீட்டுல ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டார். இந்தம்மாவே டாக்டர்கிட்ட அப்படித்தானே சொல்லுச்சு? அப்புறம் யாரோ தூண்டிவிட்டு மாத்திப் பேசுது. பாவம், பதட்டம்.”

தையல்காரி குனிந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டாள். அது ஆடி நின்றது.

“சார், இதுதான் அந்த ஸ்டூல்” என்றாள் அதிகாரியிடம். பிறகு காண்ட்ராக்டரைப் பார்த்தாள். “ஏறி நில்லுங்கய்யா. ஏறிக் கீழ விழுந்து காட்டுங்க. விலா எலும்பு உடைஞ்சு, மண்ணீரல் கிழிஞ்சு, முதுகெலும்புல கீறல் விழுதான்னு பார்ப்போம். இதோ டாக்டர் பக்கத்துலயே இருக்காங்க, பயப்படாதீங்க.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காண்ட்ராக்டரின் சிரிப்பு மட்டும் காணாமல் போயிற்று. “சம்பந்தப்பட்டவரையே கேளுங்க சார்” என்று கட்டிலைக் காட்டினார். அங்கேதான் அவருடைய தைரியம் இருந்தது. நெட்டைக்கு அந்தக் காலைப் பொழுது நினைவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அதிகாரி கட்டில் பக்கம் குனிந்தார். “சொல்லுங்க. எங்க இருந்து விழுந்தீங்க?”

நெட்டை யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, மிகவும் சிரமப்பட்டு யோசித்தான். உடம்பு தேறட்டும் என்று அவள் அவனிடம் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

“ஞாபகம் இல்லீங்க. எவ்வளவு யோசிச்சாலும் வரல.” பிறகு அவன் முகம் தெளிந்தது. வார்டு வாசலில் நின்றவனைப் பார்த்துவிட்டான். “அதோ, எங்க மாப்ள நிக்கிறான் பாருங்க. கூட இருந்தது அவன்தான். என்னைத் தூக்கிட்டு வந்து காப்பாத்தினதும் அவன்தான். அவன் என்ன சொல்றானோ அதை எழுதிக்கோங்க சார். அவன் எனக்குப் பொய் சொல்ல மாட்டான்.” கையை நீட்டி அழைத்தான். “வா மாப்ள. நான் எங்க இருந்து விழுந்தேன்? சொல்லு.”

காண்ட்ராக்டர் தொண்டையைக் கனைத்துக் கண்ணைக் காட்டினார். தம்பி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நீட்டியிருந்த கையையே பார்த்துக்கொண்டு நடந்து வந்தான். கட்டில் பக்கத்தில் வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மூணாவது மாடி மாமா” என்றான். “சாரத்துல இருந்து. பெல்ட் உள்ள பூட்டிக் கிடந்துச்சு. சாவி என்கிட்டதான் இருந்துச்சு. ஸ்டூல்னு சொல்லச் சொன்னது இவர். சொன்னது நான்.”

நெட்டையின் கை அவன் தோளைத் தொட வந்து பாதியில் நின்றது. ரொம்ப நேரம் அப்படியே நின்றது. பிறகு மெல்லத் திரும்பிப் போர்வைக்குள் போய்விட்டது. அந்த முகத்தைப் பார்த்த தையல்காரிக்கு, மூன்றாவது மாடியிலிருந்து அவன் விழுந்தது இப்போதுதான் என்று தோன்றியது. அழுகையை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினார். காண்ட்ராக்டர் பழக்கூடையை மறந்துவிட்டுக் கிளம்பினார். அதிகாரியோடு போய் அந்தச் சாமான் அறையைத் திறந்து காட்ட வேண்டும் என்று தம்பியும் எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான்.

“அக்கா, வீட்டுச் செலவு, மாமா மருந்து எதுக்கும் கவலைப்படாத. எல்லாத்தையும் நான் பார்த்துக்…”

முடிக்க முடியவில்லை.

“நீ பார்த்துக்கிட்டது போதும்” என்றாள் அவள். அத்தனை நாளில் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். குரல் உயரவில்லை. “உன்னை மன்னிக்கிறதா வேண்டாமான்னு எனக்கு இன்னும் தெரியல. அதை அவரைக் கேட்டுக்கோ. ஆனா ஒண்ணு மட்டும் போற இடத்துல எல்லார்கிட்டயும் சொல்லு. அடிபட்டவனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தா, எப்படி விழுந்தான், எங்க இருந்து விழுந்தான்னு நடந்ததை நடந்தபடி சொல்லணும். முதலாளியக் காப்பாத்தவோ வேலையக் காப்பாத்தவோ அந்த இடத்துல ஒரு பொய் சொன்னா, அதுக்கு ஏமாறுறது டாக்டரும் இல்ல, மெஷினும் இல்ல. படுத்துக் கிடக்கிறவன் உசுருதான்.”

அவன் தலையைக் குனிந்தபடி போனான். அவள் ஸ்டூலை இழுத்துப் புருஷன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். எப்படி விழுந்தேன் என்று அதற்குப் பிறகு அவன் கேட்கவே இல்லை.